எதிர்நீரோட்டம் எதிரியா?

படகு ஓட்டக் கற்பவர் அதிகம் பயப்படுவது நடுக்கடலைப் பார்த்து அல்ல, ஜெட்டியைப் பார்த்துத்தான். படகுக்கு பிரேக் கிடையாது. வேகம் 2 மடங்கானால் மோதும் ஆற்றல் 4 மடங்கு. அதற்காக ரொம்ப மெதுவாகவும் வர முடியாது. சுக்கானைத் தாண்டித் தண்ணீர் ஓடினால்தான் படகு திரும்பும்.

போர்ட் டிக்சனில் எனக்குக் கற்றுத் தந்த அங்கிள் சொன்னார்: “தம்பி, தண்ணி எந்தப் பக்கம் இழுக்குதுனு பாரு. அதுக்கு எதிரா வா.” காரணம் எளிது. நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளினால், வேகத்தைக் குறைக்கும்போதே சுக்கானின் பிடிப்பும் போய்விடும். எதிரே வந்தால், ஜெட்டியின் பக்கத்தில் ஏறக்குறைய நின்றபடியே படகைத் திருப்பலாம்.

அப்படியென்றால் எதிர்ப்பு எல்லாமே நல்லதா? இல்லை. என்ஜினைவிட வலுவான நீரோட்டம் படகை அடித்துக்கொண்டு போய்விடும். நம்மைச் சும்மா மட்டம் தட்டுகிறவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், படிப்பை ஒரு செமஸ்டர் நிறுத்திவிட்டு வேலைக்குப் போகட்டுமா என்று நான் கேட்டபோது அப்பா அடுக்கிய கேள்விகள் அந்த வகை அல்ல. “போடா மச்சான், பாத்துக்கலாம்” என்ற நண்பர்கள் என்னைத் தள்ளினார்கள். அப்பா என்னை யோசிக்க வைத்தார். முடிவை நான்தான் எடுக்க வேண்டும். அவர் கேள்விகளுக்குப் பதில் தேடிய பிறகே எடுப்பேன்.