நாலாவதா வந்தவளுக்குப் பிரியாணி உண்டா?

ஆம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பள்ளிக்கூட மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம். எட்டு வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நாலாவதாக வந்தாள். மூச்சு வாங்க அப்பாவிடம் ஓடி வந்து, ''ப்பா, பிரியாணி?'' என்றாள். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா. ''நாலாவதா வந்தவளுக்குப் பிரியாணி கேக்குதா?'' என்று சொல்லிவிட்டு டி.வி.எஸ்-ஸை உதைத்தார்.

அவரைத் திட்டத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். முடியவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். எங்கள் பாடத்தில் 'முதலீடு' வேறு, 'செலவு' வேறு. மிஷின் வாங்கினால் முதலீடு. பத்து வருஷம் திருப்பித் தரும். கரன்ட் பில் கட்டினால் செலவு. அந்த மாசமே வெளிச்சமாக அனுபவித்துத் தீர்ந்துவிட்டது. நம்மில் பாதிப் பேர் பிள்ளையின் விளையாட்டை மிஷின் கணக்கில் எழுதுகிறோம். கோச்சிங் ஃபீஸ், ஷூ, பேட், பெட்ரோல்... எல்லாம் போட்டாச்சு, மெடல் எங்கே?

அது கரன்ட் பில் என்பது என் கட்சி. சாயங்காலம் வியர்க்க வியர்க்க ஓடி, சிரித்து, சோறு கேட்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறதே குழந்தை... அன்றைய லாபம் அன்றைக்கே வந்தாச்சு.

இதைச் சொல்ல எனக்கு சுலபம். ஆம்பூர் அப்பாவுக்கு? தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் 500 இடங்கள் இருக்கின்றன. நாள் முழுக்க அப்பர் தைக்கிற வரிசையில் உட்காருகிறவருக்கு, மகள் அந்த வரிசைக்கு வராமல் இருக்க இது ஒரு வாசல். அவர் ஆசையைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்திலேயே உதாரணமும் இருக்கிறதே! வேலூர் சத்துவாச்சாரி சதீஷ்குமார் சிவலிங்கம். அப்பா சிவலிங்கம் ராணுவத்தில் இருந்தவர், அவரே பளுதூக்கும் வீரர், பிறகு செக்யூரிட்டி வேலை. மகன் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். 'பாத்தீங்களா, அப்பன் நெனச்சா நடக்கும்!' என்பீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கணக்கை உள்ளே போய்ப் பார்ப்போம்.

2014-ல் அவர் தூக்கியது மொத்தம் 328 கிலோ. 2018-ல் கோல்டு கோஸ்டில் 317 கிலோ. 11 கிலோ குறைவு. ஆனாலும் தங்கம்! தொடையில் காயத்தோடு போனவர் அவர். முதல் பாதியில் இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145, இவர் 144. அடுத்த பாதியில் ஆலிவர் 171 கிலோவுக்கு இரண்டு தடவை முயன்றும் முடியவில்லை. எங்கேயோ பிறந்த ஒருத்தர் கை நழுவியதும் அந்தத் தங்கத்தில் சேர்த்தி. இதை எந்த அப்பா, எந்த லெட்ஜரில், எந்தப் பக்கத்தில் எழுத முடியும்?

இன்னொன்று. அந்த அப்பாவுக்கு இரும்பின் கனம் தெரியும். தன் தோளில் வாங்கியவர். நாம் கேலரியில் உட்கார்ந்து கத்துகிறோம்.

சின்ன வயசு வெற்றி தோல்வியே ஒரு மாதிரி கண்கட்டு வித்தைதான். ஒரே வருஷம் பிறந்தவர்களை ஒரே கோட்டில் நிறுத்துகிறார்கள். ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் பதினோரு மாச வித்தியாசம். நமக்கு அது ஒன்றுமில்லை. எட்டு வயசுக்காரனுக்கு ஆயுளில் எட்டில் ஒரு பங்கு! நாலாவதாக வந்த அந்தப் பெண் டிசம்பர்காரியோ என்னவோ. (உடனே பர்த் சர்டிஃபிகேட்டைத் திருத்தக் கிளம்பாதீர்கள். அதற்கும் ஆள் இருக்கிறது நம் நாட்டில்.)

ஒடிசாவின் புதியா சிங் ஞாபகம் இருக்கிறதா? 2006-ல் நாலு வயசுப் பையன் பூரியிலிருந்து புவனேஸ்வருக்கு 65 கிலோமீட்டரை 7 மணி 2 நிமிஷத்தில் ஓடினான். மே மாச வெயில். நாடே கைதட்டியது. நானும்தான். பிறகு அரசு தலையிட்டு, நெடுந்தூர ஓட்டத்துக்குத் தடை போட்டது. அந்த வயசில் 'வேணாம்' என்று சொல்லத் தெரியுமா அவனுக்கு? இது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

ஆம்பூர் அப்பாவிடம் நான் கேட்க நினைப்பதும் அதுதான். நீங்க ஆசைப்படலாம் சார். ஒதுக்கீடு, வேலை எல்லாம் பதினாறு, பதினெட்டு வயசு சமாச்சாரம். அதற்கு இன்னும் எட்டு வருஷம் இவள் ஓட வேண்டாமா? இன்றைக்குப் பிரியாணியை நிறுத்தினால், நாளைக்கு இவளே ஓட்டத்தை நிறுத்திவிட்டால்?

கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. போன வருஷம் என் ஒன்பது வயசு மகன் ஷட்டில் போட்டியில் முதல் ரவுண்டிலேயே 21-6 என்று தோற்றான். பைக்கில் வீடு வந்து சேரும்வரை அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை நான். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்திருக்கும் பிள்ளைக்கு.

போன மாசம் மறுபடி ஒரு போட்டி. முந்தின நாள் ராத்திரி மெதுவாகக் கேட்டான்: ''அப்பா, நாளைக்கு நீங்க உள்ள வர வேணாமே?''

வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம். நாலு டீ. பேட்டைச் சுழற்றிக்கொண்டே வந்தான். ஜெயித்தானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ''பஜ்ஜி சூடா இருக்காப்பா?'' என்றான். இரண்டு பிளேட் ஆனது.