விடாயாற்றி

சென்ற கோடையில், எங்கள் வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் நடந்த பாராட்டு விழாவுக்குப் போய் வந்தது முதல், அங்கே கண்ட ஒரு சிறு காட்சி என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது. விழாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேல்நிலைத் தேர்வில் மாவட்டமே பேசும்படியான மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவிக்குச் சால்வை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள், கொத்து வேலை செய்யும் அவள் தகப்பனார் முதல் வரிசையில் கை கட்டியபடி அமர்ந்திருந்தார். கடைசியாகப் பேச எழுந்த சிறப்பு விருந்தினர் நல்ல மனிதர். தமிழிலேயே அழகாகப் பேசிக்கொண்டு வந்தவர், முடிக்கும் தறுவாயில் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, 'டோன்ட் ரெஸ்ட் ஆன் யுவர் லாரல்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். கைதட்டல் எழுந்தது. அதுவரை நின்றுகொண்டிருந்து, அப்பொழுதுதான் தனக்கென்று போட்டிருந்த நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி உட்காரப் போன அந்தப் பெண், பாதி அமர்ந்த நிலையிலேயே மறுபடியும் எழுந்து நின்றுவிட்டாள்.

அவள் ஏன் எழுந்தாள் என்று பலவிதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். பெரியவர் ஒருவர் தன்னை நோக்கிப் பேசுகையில் உட்காரலாகாது என்ற மரியாதையாக இருக்கலாம். கைதட்டலுக்கு வணக்கம் சொல்ல நினைத்ததாகவும் இருக்கலாம். அல்லது, 'ரெஸ்ட்' என்ற ஒரு சொல் மாத்திரம் நெஞ்சில் தைத்து, இளைப்பாறுவது தகாது என்ற உத்தரவை அவள் சரீரமே சிரமேற்கொண்டதாகவும் இருக்கலாம். எதுவாயினும், தேசிய கீதம் முடியும்வரை அவள் உட்காரவில்லை. கூட்டம் கலைந்தபின் அவளுடைய தாயார், "பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு ராத்திரிதாங்க புள்ள முழுசாத் தூங்குச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிய அந்தக் கை என் கண்ணுக்குள் பின்னும் அழுத்தமாகப் பதிந்தது அதைக் கேட்ட பிறகுதான்.

ஜெயித்தவரிடம் சொல்வதற்கென்று நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்து வைத்திருக்கும் வாக்கியங்கள் சில உண்டு. 'திஸ் ஈஸ் ஒன்லி தி பிகினிங்', 'ஸ்கை ஈஸ் தி லிமிட்', 'வாட் நெக்ஸ்ட்?' என்று, கல்யாண வீட்டிலும் காரியாலயத்திலும் நாள்தோறும் சொல்கிறோம். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம், ஆயினும் அவை அத்தனையும், ஒருவர் இப்போதுதான் வந்து சேர்ந்த இடத்திலிருந்து அவரைக் கிளப்பி விடுகிற வாக்கியங்களாகவே இருக்கின்றன. விருந்தினரின் வாக்கியத்தில் வந்த லாரல் என்பது மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வளரும் வாசனையுள்ள ஒரு மரம். டெல்ஃபியில் அப்பல்லோவின் பெயரால் நடந்த பந்தயங்களில் வென்றவனுக்கு அதன் தழையைத்தான் முடியாகச் சூட்டினார்கள். ரோமாபுரியில் வெற்றி உலா வந்த சேனாபதி அதே தழையைச் சூடிக்கொண்டு கேபிடோல் குன்றின் மேலிருந்த ஜூபிடர் கோயிலுக்குச் சென்று வழிபட்டான். அந்தத் தழையின் மீது இளைப்பாறுவது, சம்பாதித்த கௌரவத்தோடு ஒருவன் ஒதுங்கி அமர்வது என்றே முதலில் கொள்ளப்பட்டது; அது நிந்தனையாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இயந்திரங்கள் ஓயாது சுழலத் தொடங்கிவிட்ட அந்த நூற்றாண்டில், மனிதன் அமர்ந்திருப்பது கண்ணுக்கு உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதை எண்ணும்போதெல்லாம் என் மனம் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போய்விடுகிறது. காவிரிப் பாசனத்தில் உள்ள சிற்றூர் அது. தேரோட்டத்தன்று பையன்களாகிய நாங்கள் வடத்தைத் தொட்டுவிட்டுச் சக்கரத்தின் பக்கம் ஓடிவிடுவோம். ஏனெனில், முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்ப்பதுதான் எங்களுக்குப் பெரிய ஆனந்தம். ஆயிரம் பேர் முன்னால் இழுக்க, இரண்டே பேர், ஆளுக்கொரு கட்டையைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தோடு சக்கரமாக நகர்ந்து, தக்க கணத்தில் அதன் அடியில் செருகுவார்கள். கட்டை கிறீச்சிட்டு, உரசிய இடத்தில் புகை எழும்பி, மலை போன்ற தேர் ஒருமுறை குலுங்கி நிற்கும். தேர் நிலைக்கு வந்த மறுநாள் தீர்த்தவாரி. பிறகு கொடி இறங்கும். விழா அத்துடன் முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பின் வருவது விடாயாற்றி.

பத்து நாள் வெயிலிலும் புழுதியிலும் வீதி வலம் வந்த ஸ்வாமிக்கு ஆயாசம் தீர வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட உற்சவம் அது. கனமான ஆபரணங்களைக் களைந்து, வெள்ளை வஸ்திரம் உடுத்தி, சந்தனம் சாத்தி, மண்டபத்தில் குளிர்ச்சியாக எழுந்தருளப் பண்ணியிருப்பார்கள். பானகமும் நீர்மோரும் கிடைக்கும். புறப்பாட்டின் போது மல்லாரியை நடந்துகொண்டே வாசித்த நாகஸ்வர வித்துவான், அந்த நாட்களில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விஸ்தாரமாக வாசிப்பார். "சாமிக்குக்கூடவா பாட்டி அசதி?" என்று நான் கேட்டதற்கு, "ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்காரே, இருக்காதாடா?" என்று பாட்டி சொன்னாள். அடுத்த ஆண்டுத் திருவிழாவைப் பற்றி அந்த மண்டபத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கல்லூரியில் எங்கள் தமிழையா தொல்காப்பியத்துப் புறத்திணையியலைப் பாடம் சொன்னதும் இதனோடு ஒட்டி நினைவுக்கு வருகிறது. வெட்சியில் தொடங்கி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று போரின் படிகளைக் கடந்து வந்தால், வெற்றிக்கு உரிய வாகை வருகிறது. வாகையை அடுத்து நிலையாமையைப் பேசும் காஞ்சி வருகிறது. இந்த வரிசையைச் சொல்லிவிட்டு ஐயா சற்று மௌனமாக இருந்தார். இதில் எச்சரிக்கை இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் காஞ்சி வருவதற்கு முன், வாகையின் துறைகளுக்குள்ளேயே முன்தேர்க் குரவையும் பின்தேர்க் குரவையும் இருக்கின்றன. வென்றவனுடைய தேருக்கு முன்னும் பின்னும் ஆடிக் களிக்க இடம் வைத்த பிறகே இலக்கணம் மேலே நகர்கிறது.

இளைப்பாறினால் கெடுவோம் என்பதற்கு ஆங்கிலச் சரித்திரப் புத்தகங்களில் சொல்லப்படும் திருஷ்டாந்தம் கார்த்தேஜ் சேனாபதி ஹானிபாலுடையது. கி.மு. 216இல் கன்னே என்ற இடத்தில் ரோமானியப் படையை நிர்மூலமாக்கிய அவன், அந்தக் குளிர்காலத்தைக் கபுவா நகரத்தின் சுகபோகங்களில் கழித்ததனால் அவன் சேனை வலுவிழந்தது என்று ரோமானியச் சரித்திரக்காரர் லிவி எழுதி வைத்தார். லிவியோ அந்தச் சம்பவத்துக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிற்பட்டவர். கபுவாவுக்குப் பிறகும் அதே ஹானிபால் இத்தாலி மண்ணில் பத்து ஆண்டுகளுக்கு மேல் தோல்வியில் தளராமல் நின்று போராடினான், கி.மு. 203இல்தான் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினான். ஒரு குளிர்கால ஓய்வால் கெட்டுப்போன சேனை அவ்வளவு காலம் அந்நிய நாட்டில் தாக்குப்பிடித்திருக்குமா? ஆள்பலமும் உதவியும் தொடர்ந்து வராமல் போனதைவிட, அவர்கள் உறங்கிய உறக்கத்தைக் குறை கூறுவது சரித்திரக்காரருக்கு எளிதாக இருந்திருக்கிறது.

எனினும் வள்ளுவரை என்ன செய்வது? மகிழ்ச்சியின் மிகுதியால் கடமையை மறக்கும் மறதி, அளவிறந்த கோபத்தைவிடக் கெடுதி என்கிறார் அவர். பொச்சாவாமை என்று பத்துக் குறளில் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அந்த மேடையில் சிறப்பு விருந்தினருக்கு இது ஞாபகம் வந்திருந்தால், ஆங்கிலத்தின் உதவியின்றியே தம் கருத்தைச் சொல்லியிருக்கலாம். அது அரசியல் பகுதியைச் சேர்ந்த அதிகாரம், அரசனுக்குச் சொன்னது, காவற்கடமை உள்ளவனுக்கு ஏற்றது என்று ஒரு சமாதானம் தோன்றுகிறது. ஆனால், பொழுது விடிந்தால் சித்தாள்களோடு சாரத்தில் ஏறும் தகப்பனார் வீட்டில், ஒரே பெண்ணின் படிப்பின் மேல் அத்தனை பேருடைய எதிர்காலமும் நிற்கும்போது, அவளுக்கும் காவற்கடமை இல்லையென்று எப்படிச் சொல்வேன்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஓர் ஆண்டு சும்மா இருந்தாலும் உலகம் பொறுத்துக்கொள்கிறது. இவளுக்குக் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதி காத்திருக்கவில்லை. அவர் சொன்னது அவள் நன்மைக்காகவே என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், உட்காரப் போன ஒரு குழந்தையை எழுப்பிவிட்ட வாக்கியத்தை என்னால் நல்ல வாக்கியமென்று ஏற்க முடியவில்லை. களைப்புக்கும் மறதிக்கும் இடையே எல்லை எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெளிவாகவும் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். வெற்றி பெற்ற பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள், அடுத்தது என்ன என்ற கேள்வியைச் சில நாட்களுக்கு ஒத்திவைக்க வேண்டும். எத்தனை நாட்களுக்கு என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. கோயில்களிலேயே விடாயாற்றிக்கு ஒரே கணக்கு இல்லை. சில ஊர்களில் ஒரு நாளில் முடிகிறது, சில ஊர்களில் பத்து நாள் நடக்கிறது.