பெயரிடும் மனமும் நோக்கும் மனமும்



மனிதன் ஒரு பொருளைக் காணும்போது கண் மட்டும் காண்பதில்லை. மனமும் உடன் சென்று, "இது இன்னது" என்று பெயரிட்டுவிடுகிறது. இவ்வாறு அடையாளங் காணும் செயலைப் பகவான் சஞ்ஞை என்றார். ஐந்து கந்தங்களுள் அது மூன்றாவது. எதை நோக்குவது, எதை விடுவது என்று மனத்தைத் திருப்பும் செயலுக்கு மனசிகாரம் என்று பெயர். இவ்விரண்டும் இன்றி எவரும் ஒரு நாளையும் கழிக்க இயலாது. ஆயினும் இவ்விரண்டினாலேயே மனிதன் மனிதனுக்குப் பெருந்தீங்கும் இழைக்கிறான். ஆகவே, பெயரிடுதல் நன்றோ தீதோ, பிறர் நோக்குவதுபோல் நோக்காதவன் குற்றவாளியோ என்னும் கேள்விகளை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆராயத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒரு பௌர்ணமி வந்தனையின்போது, நம் சங்கத்துத் தாயார் ஒருவரின் ஏழு வயது மகன் வாயிலில் அமர்ந்து, அனைவரும் கழற்றி வைத்த செருப்புகளை அளவு பார்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை. ஒருவர் தம் செருப்பை எடுத்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். அவனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தனர். அப்போது பெரியவர் ஒருவர், "என்ன செய்வாயம்மா, போன பிறவியின் வினை, பொறுத்துக்கொள்" என்றார். அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். அருகில் நின்ற நாமும் மறுமொழி கூறவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு அத்தாயார் வரவில்லை. அதற்கடுத்த பௌர்ணமிக்கும் வரவில்லை. தம்மம் போதிக்கும் நாம் அன்று வாய் மூடி நின்றதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவராயிருக்கிறோம்.

மனம் வகை பிரிக்கக் கற்பது எங்ஙனம்?

குழந்தை பேசக் கற்கும் முன்னரே வகை பிரிக்கத் தொடங்கிவிடுகிறது. 1993ஆம் ஆண்டில் பால் குவின், பீட்டர் ஐமாஸ் முதலிய அமெரிக்க அறிஞர்கள், மூன்று நான்கு மாதக் குழந்தைகளுக்குப் பூனைப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினர். பின்னர்ப் புதிய பூனை ஒன்றையும் நாய் ஒன்றையும் சேர்த்துக் காட்டியபோது, குழந்தைகள் நாயையே நெடுநேரம் நோக்கின. பூனை என்னும் சொல்லை அறியாத சிசு, பல பூனைகளிலிருந்து ஒரு பொது உருவைத் திரட்டிக்கொண்டது என்பது இதனால் விளங்கும். ஏறக்குறைய ஒரு வயதில், தாய் சுட்டும் திசையைக் குழந்தை நோக்குகிறது. தானும் விரல் நீட்டிச் சுட்டுகிறது. இவ்வாறு இருவர் கவனமும் ஒரு பொருளில் கூடுமிடத்தில் சொல் பிறக்கிறது. நிலவைக் காட்டி "நிலா" என்கிறாள் தாய், குழந்தை கற்கிறது.

வயது வந்தோர் கற்பதும் இத்தகையதே. நாம் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்த நாளில் எல்லா நூலும் நமக்கு ஒரே நூலாகத் தோன்றிற்று. 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அத்தனையாம் நம்பர் நூல் என்பது கணக்கு. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இக்கணக்கை ஒரு நாளில் மனப்பாடம் செய்தோம். ஆயினும் 20ஆம் நம்பருக்கும் 40ஆம் நம்பருக்கும் உள்ள வேற்றுமையை விரல் அறியப் பல மாதங்கள் சென்றன. அறிந்த பின்னர், அதை அறியாமல் தொட நம்மால் முடியவில்லை. கற்ற வகை கைக்குள் புகுந்துவிடுகிறது. இதுவே சஞ்ஞையின் வலிமை. அதன் அபாயமும் இதுவே.

வேறு வழியில் நோக்குவோர்

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர், பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தை உலகறியச் செய்தது. அவர்கள் தனிமையை நாடினர். எல்லாம் மாறாதிருக்க வேண்டுமென்று விரும்பினர். 1983இல் லண்டனில் அமிதா ஷா, ஊட்டா ஃபிரித் என்னும் இருவர், ஒரு பெரிய படத்துக்குள் மறைந்திருக்கும் சிறு வடிவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில், ஆட்டிசமுடைய குழந்தைகள் பிற குழந்தைகளை விடச் சிறந்து விளங்கினர் என்று கண்டனர். 2005இல் டினா மர்ரே முதலிய மூவர் எழுதிய கட்டுரையில், கவனம் என்பது அளவுள்ள பொருள் என்றும், பெரும்பாலோர் அதைப் பல திசைகளில் சிறிது சிறிதாகப் பங்கிடுகின்றனர் என்றும், ஆட்டிசமுடையோர் அதைச் சிலவற்றிலேயே முழுவதும் செலுத்துகின்றனர் என்றும் விளக்கினர்.

இதைக் கொண்டு அச்சிறுவனை மீண்டும் பார்ப்போம். அவன் மனம் முழுவதும் செருப்பு வரிசையில் ஊன்றி நின்றது. அழைப்புக்குத் திரும்பாதது அகந்தையன்று, அடக்கமின்மையுமன்று. அவன் கட்டிய ஒழுங்கு முன்னறிவிப்பின்றிக் கலைந்தபோதே அலறினான். நாம் அவன் உள்ளத்தை அறியவில்லை. அவனும் நம் உள்ளத்தை அறியவில்லை. ஆட்டிசமுடையவரான டேமியன் மில்டன் என்னும் அறிஞர், புரிந்துகொள்ளாமை இரு பக்கத்தும் உள்ளது என்று 2012இல் எழுதினார். இரு பக்கக் குறையை ஒரு பக்கத்தார் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகுமா? அத்தகைய நியாயத்தை நாம் அறிவோமன்றோ!

எதிர்ப்பக்கத்துப் பிழை ஒன்றையும் விலக்க வேண்டும். ஆட்டிசமுடையோர் பெயர்களில் சிக்காமல் பொருளை உள்ளவாறே காண்கின்றனர், ஆதலால் அவர்கள் ஞானியர்க்கு அணியர் என்று சிலர் புகழ்கின்றனர். இதுவும் அறியாமையே. அவர்களுள் வாழ்நாள் முழுவதும் பேசாதோர் உண்டு. சாதாரண ஓசையே வேதனையாகும் நிலையும் உண்டு. துன்பத்தைத் தெய்வீகமென்று போற்றுவது, துன்பத்தை நீக்கும் கடமையினின்று தப்பும் வழியாகும்.

வினை என்னும் விடை

இனி, "போன பிறவியின் வினை" என்னும் விடையை ஆராய்வோம். மோளிய சீவகர் என்னும் பரிவிராசகர், மனிதன் அனுபவிக்கும் இன்ப துன்பமனைத்தும் முன்வினையால் வருவனவோ என்று வினவியபோது, பகவான் அதனை ஏற்கவில்லை. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற நடத்தை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எடுத்துக் காட்டினார். எட்டில் ஒன்றை எட்டாகக் கொள்வோர் பகவானைப் பின்பற்றுவோராகார். 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் பாபாசாகேப் அம்பேத்கரும், முற்பிறவி வினைக் கொள்கை சமூகத்தின் பொறுப்பை மறைக்கும் என்பதை வற்புறுத்தினார்.

நம் பாட்டனாரிடம் என்ன சொல்லப்பட்டது? சேரியில் பிறந்தது முன்வினை என்றனர், பொறுத்துக்கொள் என்றனர். அச்சொல்லை மறுத்தன்றோ நாம் தம்மத்தைச் சரணடைந்தோம்! நம்மைக் கட்டிய கயிற்றை அவிழ்த்து, அதே கயிற்றால் ஒரு தாயைக் கட்டலாமா?

மேனாட்டிலும் இத்தகைய கொடுமை நிகழ்ந்ததுண்டு. தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணமென்று புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு நூல் எழுதினார். எண்ணற்ற தாய்மார் குற்றவாளிகளாயினர். 1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்போர் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து, பிறப்பமைப்புக்கே இதில் பெரும்பங்கு உண்டெனக் காட்டினர். அங்கே தாயின் குளிர்ந்த நெஞ்சு, இங்கே முன்வினை. பெயர் வேறு, பழி ஒன்றே.

பெயர் என்பது யாது?

இச்சானங்கலத்தில் வாசெட்டர், பாரத்துவாசர் என்னும் இளம் பிராமணர் இருவர், ஒருவன் பிராமணனாவது பிறப்பினாலா ஒழுக்கத்தினாலா என்று வாதிட்டுப் பகவானிடம் சென்றனர். புல், மரம், பூச்சி, நாற்கால் விலங்கு, பாம்பு, மீன், பறவை ஆகியவற்றுக்குப் பிறப்பிலேயே வெவ்வேறு அடையாளங்கள் உள; மனிதர்க்குத் தலைமயிர் முதல் பாதம் வரை அத்தகைய வேற்றுமை இல்லை; மனிதரிடை வேற்றுமை பெயர் வழக்கால் வந்ததே என்று பகவான் விடையளித்தார். பூனையும் நாயும் வேறென்று காணும் சிசுவின் சஞ்ஞை உலகிலுள்ள வேற்றுமையைப் பற்றி நிற்கிறது. சாதி என்னும் சஞ்ஞையோ, மனிதர் சொல்லிக் கொடுத்ததைப் பற்றி நிற்கிறது. ஆனால் கற்றபின் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

வெறும் பெயர் எவ்வளவு விரைவில் வேலை செய்யும் என்பதற்கு 1971இல் வெளியான ஆராய்ச்சி சான்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் ஹென்றி தாஜ்ஃபெல் என்னும் அறிஞர், 14, 15 வயது மாணவர்களை அற்பக் காரணம் சொல்லி இரு குழுவாகப் பிரித்தார். அவர்களுக்குள் முன்பகை ஏதுமில்லை. பங்கிடும் பணத்தில் தமக்கென எதுவும் எடுத்துக்கொள்ள வழியுமில்லை. ஆயினும் தம் குழுவினருக்கே கூடுதலாகப் பங்கிட்டனர்.

அங்ஙனமாயின் பெயர்களையெல்லாம் ஒழித்துவிடலாமா? இயலாது, வேண்டியதுமன்று. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவிய அயோத்திதாச பண்டிதர், பிறர் இட்ட இழிபெயரை மறுத்துப் பூர்வ பௌத்தர் என்னும் பெயரை நமக்கு உணர்த்தினார். பட்டியல் சாதி என்னும் பெயரும், 1990இல் செய்த சட்டத் திருத்தத்தால் பௌத்தர்க்கும் உரியதாகி உரிமைகளைக் காத்தது. அவ்வாறே, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. அப்பெயர் எழுதிய சான்றிதழின்றி அச்சிறுவனுக்கு உரிய உதவி கிடைக்காது. ஆகவே பெயர் ஓர் ஓடம். கரை சேர்க்குமாயின் ஏறுவோம். தலையில் சுமக்க மாட்டோம். ஒரு பெயரைச் சொல்லுமுன், "இது இவருக்குக் கதவைத் திறக்குமா, அடைக்குமா?" என்று கேட்பதே நாம் கொள்ளத்தக்க அளவுகோல்.

சூளபந்தகர் காட்டும் வழி

சூளபந்தகர் என்னும் பிக்கு நான்கு மாதங்கள் முயன்றும் ஒரு பாட்டை மனப்பாடம் செய்ய இயலாதவராயிருந்தார். தமையனாரே அவரை விகாரையை விட்டுப் போகச் சொன்னார். பகவான் அவரைத் திரும்ப அழைத்து, வெள்ளைத் துணி ஒன்றைக் கையில் கொடுத்து, தூசு நீங்குவதை நினைந்து அதைத் தடவிக்கொண்டிரு என்றார். துணி அழுக்கேற ஏற, அநித்தியம் அவருக்கு விளங்கிற்று, அவர் அரகந்தரானார். சூளபந்தகருக்கு ஆட்டிசம் என்று நாம் கூறவில்லை. இறந்தோர்க்கும் சீட்டு ஒட்டுவது நம் வேலையன்று. நாம் காண வேண்டியது ஆசிரியரின் செயலையே. மாணவனின் கவனம் பாட்டில் நில்லாதபோது, அது நிற்கக்கூடிய இடத்தைத் தேடி, தம்மத்தை அவ்விடத்துக்குக் கொண்டு சென்றார்.

சென்ற மாதம் நாம் அத்தாயாரின் இல்லம் சென்று, நம் மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, வந்தனையின்போது ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வீர்களா?" என்று மட்டும் கேட்டார். இத்தனை காலமும் எவரும் அவரிடம், என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. இப்போது ஒலிபெருக்கி குறைந்துள்ளது. செருப்பை எடுப்போர் சிறுவனிடம் முன்னரே சொல்லிவிட்டு எடுக்கின்றனர். அவன் சில நாள் தாங்கிக்கொள்கிறான்; சில நாள் அழுகிறான். தாயாரோ பௌர்ணமிதோறும் வருகிறார்.

அன்பர்களே! பிறப்பால் இட்ட பெயரின் கொடுமையை நம்மைப்போல் அறிந்தவர் வேறு யார்? அறிந்த நாமே பிறருக்கு அப்படிப் பெயரிட்டால், நம் சரணம் வாயளவினதே. எல்லா ஜீவர்களும் சுகமாயிருப்பார்களாக!