வேட்டைக் காட்சியும் வாய்மையும்

ஒருவனுடைய ஒழுக்கத்தைச் சோதித்தறிதற்கு ஏற்ற இடம் பலர் கூடிய அவையன்று. எவருங் காணாத தனியிடமேயாம். அவையிலே பழிக்கு அஞ்சியும் புகழை விரும்பியும் நன்னெறியில் நிற்பார் பலர். தனியிடத்திலோ ஒருவனுக்கு அவன் நெஞ்சமன்றி வேறு சான்று இல்லை. இவ்வுண்மை வேட்டையிலே மிகத் தெளிவாகப் புலப்படும். பந்தாட்டத்துக்கு நடுவர் உளர். வழக்குக்கு நீதிபதி உளர். காட்டினுள்ளே விலங்கின் முன் ஆயுதத்தோடு நிற்பவனுக்கு இவ்விருவரும் இலர். அமெரிக்க தேசத்து வனவியல் அறிஞராகிய அல்டோ லியோபோல்ட் என்பவர், 1949ஆம் வருடத்தில் வெளிவந்த தமது நூலிலே, வேட்டையாடுவோனைப் புகழவோ இகழவோ பார்வையாளர் இல்லாமையால் அவனை நெறிப்படுத்துவது அவனுடைய மனச்சான்றே என்னுங் கருத்தை வலியுறுத்தினார்.

அதன் பின்னர் ஒரு பெரிய மாறுதல் உண்டாயிற்று. பார்வையாளரில்லாத காட்டினுள்ளே கமரா புகுந்தது. 1965ஆம் வருடந் தொடக்கம் 1986ஆம் வருடம் வரையும் ஐக்கிய அமெரிக்காவிலே ஏ.பி.சி. நிறுவனத்தார் ‘அமெரிக்கன் ஸ்போட்ஸ்மன்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தி, பேர்பெற்றோர் வேட்டையாடுதலையும் மீன்பிடித்தலையும் இல்லந்தோறுங் காட்டினர். பின்பு இவற்றுக்கே உரிய தனி அலைவரிசைகளும் எழுந்தன. காண்பார் இலர் என்னுங் குறை நீங்கிற்று. ஆயின், அதனால் வாய்மை வளர்ந்ததோ? கமராவானது காட்டில் நடந்ததைக் கொணர்ந்து காட்டுகின்றதோ, அன்றிக் காட்டவேண்டியதைக் காட்டில் நடத்துவிக்கின்றதோ? இதுவே ஈண்டு ஆராயப்படுவது.

உயிர்க்கொலை தகாதென்பது நமது கொள்கை. அதனை நாட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. வேட்டையாடுவோர் தாமே தமக்கு விதித்துக்கொண்ட அறம் ஒன்றுண்டு. அவர்தங் காட்சிகள் அவ்வறத்துக்கு ஒத்து நிற்கின்றனவோ என்று நோக்குவோம். ஒருவரை அவர் ஒப்புக்கொண்ட பிரமாணங் கொண்டே அளத்தல் நியாயமாகும்.

அவ்வறம் யாதெனிற் கூறுதும். பிற்காலத்தில் அமெரிக்க சனாதிபதியான தியோடோர் றூஸ்வெல்ற் என்பவர் 1887ஆம் வருடத்திலே தம் நண்பரோடு கூடிப் ‘பூன் அன்ட் குறொக்கெற்’ என்னுஞ் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தார் போற்றுவது ‘நேரிய வேட்டை’ என்னும் முறையாம். தன்னிச்சையாய்த் திரியுங் காட்டு விலங்கையே வேட்டையாடவேண்டும், சட்டத்தைக் கடத்தலாகாது, வேட்டையாடுவோன் விலங்கின்மேல் முறையற்ற மேம்பாடு பெறலாகாது என்பன அதன் கூறுகள். தப்பமுடியாத வேலியினுள் அடைபட்டுக் கொல்லப்பட்ட விலங்கை அவர்கள் தம்முடைய பதிவேட்டில் ஏற்பதில்லை. காரணம் வெளிப்படை. விலங்கு தப்பிச் செல்லக்கூடும் என்பதொன்றே வேட்டையைக் கசாப்பினின்றும் வேறுபடுத்துவது. அஃது இல்லையாயின், வேட்டை என்னும் பெயர் மாத்திரம் எஞ்சும்.

ஆகவே, ஒரு வேட்டைக் காட்சியைக் காண்பவன் அறியவேண்டிய முதற்செய்தி, அவ்விலங்குக்குத் தப்பும் வழி இருந்ததோ என்பதே. கமரா மிக எளிதில் மறைக்கத்தக்கதும் அதுவேயாம். வேலியைப் படத்துக்குப் புறத்தே நிறுத்துதற்கு ஒரு வித்தையும் வேண்டியதில்லை. கமராவைச் சிறிது திருப்பினாற் போதும்.

இதற்குச் சான்றாக ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். 2004ஆம் வருடம் ஒக்டோபர் மாதத்திலே, அமெரிக்காவின் நாட்டுப்பாடல் இசைஞருள் ஒருவராகிய திறோய் ஜென்ட்றி என்பவர், மினசோட்டா மாகாணத்தில் மனிதரோடு பழகி வளர்ந்த ஒரு கரடியை ஏறக்குறைய 4,650 டொலருக்கு வாங்கி, வேலியடைத்த இடத்திலே வில்லினால் எய்து கொன்றார். அக்கரடிக்குக் ‘கபி’ என ஒரு செல்லப்பெயரும் இருந்தது. அதன் மரணம் ஒளிநாடாவிற் பதியப்பட்டது. அந்நாடா, காட்டிலே நேரிய வேட்டையாடிக் கொன்றதுபோலத் தோன்றும்படி வெட்டியொட்டப்பட்டது என்பது அரசினரின் குற்றச்சாட்டு. கரடி காட்டிற் கொல்லப்பட்டதெனப் பொய்யாகப் பதிவு செய்தமைக்கு 2006ஆம் வருடத்தில் அவர் நீதிமன்றத்திலே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 15,000 டொலர் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. ஐந்து வருடம் அம்மாகாணத்தில் வேட்டையாடும் உரிமையும் நீங்கிற்று. அவர் 2017ஆம் வருடத்திற் காலமாயினர். அவரைப் பழித்தல் நமது கருத்தன்று. அச்செயலின் இயல்பை ஆராய்தலே கருத்து.

இங்கே பொய் எவ்விடத்தில் நின்றது என்று உற்று நோக்குக. கரடி மெய்யான கரடி; அம்பு மெய்யான அம்பு; மரணமும் மெய்யான மரணம். பொய்யாயது ஒன்றே: அவ்விலங்கின் சுதந்திரம். அக்கொலைக்கு நியாயமென வேட்டையாடுவோர் கூறுவது எதுவோ அதுவே பொய்யாக்கப்பட்டது. அன்றியும், வேலியை மறைக்க முயன்றமையே அவ்வேலி இழிவானதென அறிந்திருந்தமைக்குச் சான்றாகும். குற்றமென்று எண்ணாததை எவரும் மறையார்.

இது தொலைக்காட்சியோடு பிறந்த நோயுமன்று. மேற்கூறிய றூஸ்வெல்ற் சனாதிபதியாயிருந்த 1902ஆம் வருடம் நவம்பர் மாதத்திலே, மிசிசிப்பி மாகாணத்தில் அவருக்காக ஒரு கரடியைப் பிடித்து மரத்திற் கட்டி, சுடும்படி அழைத்தனர். கட்டுண்ட விலங்கைச் சுடுதல் ஆண்மையன்றென்று அவர் மறுத்தார். அதனைச் சித்திரகாரர் ஒருவர் கேலிப்படமாக வரைந்து பத்திரிகையில் வெளியிட, அதிலிருந்தே ‘ரெடி’ கரடி என்னும் பொம்மை பிறந்தது. உலகம் அறிந்த கதை இவ்வளவே. படத்திலும் பொம்மையிலும் இல்லாத பகுதியொன்றும் உண்டு. காயமுற்று வருந்திய அக்கரடியைத் துன்பந் தீரக் கொன்றுவிடும்படி அவரே பணித்தார்; அது கத்தியினாற் கொல்லப்பட்டது. அவர் செய்தது இரக்கமாகவே இருக்கலாம். ஆயினும், கேட்டோர் பலர் அக்கரடி உயிர்பிழைத்ததென்றே எண்ணினர். சொல்லப்பட்டதெல்லாம் உண்மையாயிருக்கவும், விளைந்த எண்ணம் பொய்யாயிற்று.

விலங்குகளைப்பற்றிக் கட்டுக்கதையை உண்மைபோல எழுதுவோரை அவரே 1907ஆம் வருடத்திற் கடிந்தெழுதினார். 1909ஆம் வருடத்தில் அவர் ஆபிரிக்காவுக்கு வேட்டையாடச் சென்றபோது, சிக்காகோ நகரத்துப் படமுதலாளியாகிய வில்லியம் செலிக் என்பவர், அவரைப்போல வேடம் புனைந்த நடிகரொருவரைக் கொண்டு, விலைக்கு வாங்கிய சிங்கமொன்றைத் தமது படப்பிடிப்பு நிலையத்திலே கொல்வித்து, ஆபிரிக்க வேட்டையெனச் சலனப்படம் வெளியிட்டார். சனங்கள் அதனை விரும்பிக் கண்டனர். செறி கியேட்டன் என்பவர் ஆபிரிக்காவிலே மெய்யாக எடுத்த படம் 1910இல் வந்தபோது, அஃது அத்துணை வரவேற்புப் பெறவில்லை. மெய்யான காடு மெதுவானது, பொய்க்காடு விரைவானது. அன்று தொடங்கிய போட்டி இன்றும் ஓய்ந்திலது.

தொலைக்காட்சியிலே அப்போட்டி பின்னுங் கடியதாயிற்று. நிகழ்ச்சிக்கு அளந்து கொடுக்கப்படுவது அரைமணி நேரம். அதிலும் ஒரு பகுதி விளம்பரத்துக்குப் போய்விடும். பொருள் கொடுத்து உதவுவோரிற் பலர் துப்பாக்கியும் வில்லும் தீனியும் விற்பவர். காட்டிலே பல நாள் காத்திருந்து வெறுங்கையோடு மீள்வதே வேட்டையில் இயல்பாய் நிகழ்வது. வெறுங்கையைக் காட்டி வில்லை விற்றல் அரிது. ஆகவே, காத்திருந்த நாட்கள் கழிகின்றன. தவறிய அம்பு கழிகின்றது. காயத்தோடு ஓடி எங்கோ வீழ்ந்த விலங்கு கழிகின்றது. எஞ்சுவது ஒரு குறி, ஒரு வீழ்ச்சி, ஒரு புன்னகை.

அற்றேல், சுருக்குதல் எல்லாம் பொய்யோ எனின், அன்று. சரித்திரம் எழுதுவோனுஞ் சுருக்குகின்றான்; நாம் ஒரு நாட்செய்தியை வீட்டிலே கூறும்போதுஞ் சுருக்குகின்றோம். சுருக்கத்துக்கும் பொய்க்கும் எல்லை யாதெனின், விடப்பட்டதை அறிந்தால் கேட்போனுடைய தீர்ப்பு மாறுமோ என்பதே எல்லை. வேட்டையாடியவன் காலையில் உண்ட உணவை விட்டால் தீர்ப்பு மாறாது, அது சுருக்கம். வேலியை விட்டால் தீர்ப்பு முழுவதும் மாறும், அது பொய். காயப்பட்டு ஓடிய விலங்கை விட்டாலும் அங்ஙனமே.

இஃது ஒரு விளையாட்டுக் காட்சிதானே, காண்பாரும் அதனை நாடகமென்றே அறிவர் எனின், பொருந்தாது. காண்பார் அறிவராயின் மறைப்பது எற்றுக்கு? நாடகத்திலே இறந்தவன் திரை வீழ்ந்தபின் எழுந்து செல்வான். இக்காட்சியிலே இறந்த விலங்கு எழுவதில்லை. மேலும், ஒளிப்படத்தின் பொய் நெடுங்காலம் வாழவல்லது. வால்ற் டிஸ்னி நிறுவனத்தார் 1958ஆம் வருடத்தில் வெளியிட்ட ‘வைற் வில்டனஸ்’ என்னும் படத்திலே, லெமிங் என்னும் எலியினத்துச் சிறு பிராணிகள் கூட்டமாகச் சென்று கடலில் வீழ்ந்து மாய்வனவாகக் காட்டப்பட்டன. மெய்யில், அவை கடலில்லாத அல்பேற்றா மாகாணத்துக்கு விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்டு, ஆற்றங்கரைப் பாறையினின்றும் தள்ளப்பட்டவை. இதனைக் கனடாத் தொலைக்காட்சியார் 1982ஆம் வருடத்தில் வெளிப்படுத்தினர். அப்படம் ஒஸ்கார் பரிசும் பெற்றது. லெமிங்குகள் தற்கொலை செய்வன என்னும் நம்பிக்கையோ இன்றும் ஒழிந்திலது. ஆசிரியர் பத்து வருடத்திற் கற்பிப்பதை ஒரு படம் ஒரு நாழிகையிற் கெடுத்துவிடும்.

இனி, வேட்டையாடுவோராற் காடுகளுக்கு நன்மை உண்டென்பர். அது முற்றும் பொய்யன்று. அமெரிக்காவிலே 1937ஆம் வருடத்துச் சட்டமொன்றின்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா முதலியவற்றின்மேல் அறவிடப்படும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செலவிடப்படுகின்றது. அந்நன்மை மெய்யாயின் அது தன்காலிலே நிற்கும். பொய்க்காட்சி அதற்குத் துணையாகாது. மெய்யான நன்மையைப் பொய்யோடு சேர்த்துக் கூறுவோன், மெய்யையும் ஐயத்துக்கு ஆளாக்குகின்றான்.

இவ்வளவுகோலை வேட்டையை எதிர்ப்போருக்கும் வைத்தல் வேண்டும். 1975ஆம் வருடத்திலே சி.பி.எஸ். நிறுவனத்தார் ‘கன்ஸ் ஒவ் ஓட்டம்’ என்னும் நிகழ்ச்சியில், குப்பைமேட்டுக்கு வருங் கரடிகளைச் சுடுதல் முதலிய இழிந்த காட்சிகளைக் காட்டினர். இழிந்த சிலவற்றைக் காட்டி எல்லாரையும் இழித்தனர் என்று வேட்டையாடுவோர் முறையிட்டனர். விளம்பரம் கொடுத்தோரும் பலர் விலகினர். அம்முறையீட்டின் தன்மையை நோக்குக. ‘ஒரு பகுதியைக் காட்டி முழுவதென நம்பச் செய்தல் தவறு’ என்பதே அதன் சாரம். அது நல்ல நியாயம். அந்நியாயம் தத்தம் நிகழ்ச்சிகளுக்கும் உரியதென அவர் ஒப்புக்கொள்வாராக.

கருவியின்மேற் குற்றமில்லை என்பதும் அறியத்தக்கது. 1997ஆம் வருடத்திலே இங்கிலாந்துத் தொலைக்காட்சியின் ‘குக் றிப்போட்’ என்னும் நிகழ்ச்சி, தென்னாபிரிக்காவிலே வேலியினுள் அடைத்த பெண்சிங்கமொன்று தன் குட்டிகளினின்றும் பிரிக்கப்பட்டுச் சுடப்பட்டதைக் காட்டிற்று. கண்டோர் நடுங்கினர். அடைத்து வளர்த்த சிங்கங்களைக் கொல்லுந் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாகத் தென்னாபிரிக்க அரசினர் 2021ஆம் வருடத்தில் அறிவித்தற்கு, இத்தகைய காட்சிகளும் ஒரு காரணமென்று கொள்ளுதல் தவறாகாது. அங்குங் கமராவே, ஈங்குங் கமராவே. வேலியை உள்ளே வைத்ததும் புறத்தே வைத்ததுமே வேற்றுமை.

திருவள்ளுவர் கொல்லாமையை முதலறமாகவும் பொய்யாமையை அதன் பின் நிற்பதாகவும் வைத்தார். அம்முறைவைப்பின் நுட்பம் ஈண்டு விளங்குகின்றது. தீங்கு முன்னே நிகழ்கின்றது. அதனை மறைத்தற்குப் பொய் பின்னே வருகின்றது. ஆதலின், பொய்யை நீக்கினால் தீங்கு தன் உருவத்தோடு வெளிப்பட்டு நிற்கும். வேட்டைக் காட்சி நடத்துவோர் வேலி உண்டாயின் வேலியையும், தீனி வைத்தாராயின் தீனியையும், கொடுத்த பணத்தையும், தவறிய அம்பையும், காயத்தோடு போன விலங்கையும் ஒளியாது காட்டுவாராக. அங்ஙனங் காட்டியபின்னும் அவருக்கு நாணமில்லையாயின், அவர் நேர்மையுடையார் என்றாவது நாம் கூறலாம். காட்டமுடியாதெனக் கூசுவாராயின், செய்யவுங் கூசுதலே முறை.

காண்போருக்கும் இதிற் பங்குண்டு. அரைமணிக்கு ஓருயிர் வீழ்தலைக் காண விரும்புவோன், அதற்கு வேண்டும் வேலிக்கும் விலை கொடுக்கின்றான். ஆதலாற் சிறுவர்க்கு நாம் கற்பிக்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. எக்காட்சியைக் கண்டாலும், ‘இப்படத்தின் விளிம்புக்கு அப்பால் என்ன நின்றது?’ என்று அவர்கள் வினாவப் பழகுக. அவ்வினா நெஞ்சில் நிலைக்குமாயின், பொய் எத்துணை அழகாக வந்தாலும் அவர்களை எளிதில் வெல்லமாட்டாது.