அச்சம் அறம் வளர்க்குமா?

பகலவன் காலை எட்டு மணிக்குத் தயங்கித் தயங்கி எழுகிறான். மாலை நான்கு மணி அடிக்குமுன் ஓடி மறைந்துகொள்கிறான். இலண்டன் மாநகரில் டிசம்பர்த் திங்களின் கடைசிப் பகுதி இத்தகையது. பகல் எட்டு மணி நேரம்கூட நிறைவதில்லை. மிச்சமெல்லாம் இருள்! வெளியே பனி; உள்ளே கணப்பு; கணப்பைச் சுற்றி வீட்டாரும் விருந்தினரும். ஏசுநாதர் பிறந்த நாள் விடிய இன்னும் சில நாழிகையே இருக்கிறது. அன்பே உருவானவர் மாட்டுத் தொழுவத்தில் பிறந்த கதையைத்தான் அவ்வேளையில் பேசிக்கொண்டிருப்பர் என்று எண்ணத் தோன்றும். அதனைப் பாதிரியார் பார்த்துக்கொள்வார், கோயிலில்! கணப்பருகே அமர்ந்தோர் விரும்பிக் கேட்டது பேய்க் கதை.

விந்தைதான். விளக்கேற்றிக் களிக்கவேண்டிய நாளில், விளக்கைக் குறைத்துவிட்டு, நடுங்கிக் களித்தனர் ஆங்கில மக்கள். இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமும் அன்று. 1611ஆம் ஆண்டில் மேடையேறியிருந்த ஷேக்ஸ்பியரின் 'குளிர்காலக் கதை' நாடகத்திலேயே சிறுவன் ஒருவன் தாயின் அருகமர்ந்து பேய்க் கதை சொல்லத் தொடங்குகிறான். பின்னாளில் வாய்க்கதை ஏட்டில் ஏறிற்று. ஏட்டிலிருந்து திரைக்குத் தாவிற்று. 1971 முதல் 1978 வரை பி.பி.சி. தொலைக்காட்சி ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் வேளையில் ஒரு பேய்க் கதையைப் படமாக்கி வழங்கியது. 2005இல் அந்த வரிசை மீண்டும் உயிர்பெற்றது. பேய் அல்லவா, அவ்வளவு எளிதில் சாகுமா!

நமக்கு இதிலே இரண்டு ஐயங்கள். பேய் என்று ஒன்று இல்லை எனப் பட்டப்பகலில் பேசுகிறோம். அப்படிப் பேசும் நாம், இரவிலே பேய்க் கதையைச் சுவைத்துப் படிக்கலாமா? அது இரட்டை வேடம் ஆகாதா? இது முதல் ஐயம். இதனினும் பெரியது மற்றொன்று. அச்சுறுத்தி ஒருவனை அறவழிக்குக் கொண்டுவர இயலுமா? இயலும் என்பதற்கு எடுத்துக்காட்டாக உலகம் ஒரு கிறிஸ்துமஸ் பேய்க் கதையைத்தான் காட்டிவருகிறது. ஆகவே, பெரிய ஐயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிறிஸ்துமஸ் கீதம்' 1843 டிசம்பர் 19ஆம் நாள் வெளிவந்தது. கிறிஸ்துமசுக்கு முதல் நாளுக்குள் ஆறாயிரம் படிகளும் விற்றுத் தீர்ந்தன. கதையின் தலைவன் ஸ்க்ரூஜ், கருமி, கல்நெஞ்சன். சிறைக்கூடங்களும் ஏழை விடுதிகளும் இருக்கும்போது நான் ஏன் ஈயவேண்டும் எனும் எண்ணமுடையவன். அந்த ஏழை விடுதி எத்தகையது? 1834ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வயிற்றுக்கு வழியின்றி வந்தவரைக் கணவன் வேறு, மனைவி வேறு, பிள்ளை வேறு எனப் பிரித்து அடைத்துவைத்த இடம். அதனைக் காட்டி ஈகையை மறுத்தவனிடம் பேய்கள் வருகின்றன; ஒரே இரவில் வள்ளல் ஆகிவிடுகிறான். 'பார்த்தீரா, பயம் பண்ணிய வேலையை!' என்பர், பிரம்பை நம்புகிறவர்கள்.

பார்த்தோம், நன்றாகவே பார்த்தோம். முதலில் வருவது யார்? செத்துப்போன கூட்டாளி மார்லி. பணப்பெட்டியும் பூட்டும் சாவியும் கணக்கேடும் கோத்த சங்கிலி இடையிலே இழுபட வருகிறான். உனக்கும் இதே கதி என்கிறான். கதை முழுவதிலும் தண்டனையை நேரே சொல்லி மிரட்டும் பேய் அதுதான். ஸ்க்ரூஜ் நடுங்குகிறான், மண்டியிடுகிறான், எல்லாம் செய்கிறான். பேய் போன பின் என்ன செய்கிறான்? திருந்தினானா? உடுத்த உடையோடு படுக்கையில் விழுந்து உறங்கிப்போகிறான்! அச்சம் தந்த பயன் அவ்வளவே.

அடுத்து வரும் ஆவி அவனை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அவன் படித்த பள்ளிக்கு அழைத்துச் செல்கிறது. விடுமுறைக்கு எல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்பிவிட, ஒரே ஒரு சிறுவன் மட்டும் தனியே அமர்ந்திருக்கிறான். அச் சிறுவன் தானே என்று கண்டு அழுகிறான் கிழவன். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் எண்ணுவது யாரை? முன்தினம் தன் வாசலில் நின்று பாடிய ஏழைச் சிறுவனை. அவனுக்கு ஏதேனும் கொடுத்திருக்கலாமே என்று ஏங்குகிறான். அறம் முளைத்த இடம் அது. கல்லறை கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு நேரம் முன்பே முளைத்துவிட்டது!

அப்படியானால் மூன்றாம் ஆவி அவனுடைய கல்லறையைக் காட்டுகிறதே, அவன் அலறுகிறானே, அது அச்சம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் அவன் கிராச்சிட் வீட்டைக் கண்டுவிட்டான். ஊன்றுகோல் பிடித்த டைனி டிம் பிழைப்பானா என்று கலங்கிக் கேட்டுவிட்டான். செத்த தன்னைச் சுற்றி அழ ஒருவரும் இன்றி, கட்டில் திரையைக்கூட வேலைக்காரி கழற்றி விற்பதையும் கண்டுவிட்டான். சாவு எவருக்கும் உண்டு. அதனை அவன் முன்பே அறிவான். யாருக்கும் பயன்படாமல் செத்தோமே என்பதுதான் அவனைச் சுடுகிறது. நெஞ்சு இளகிய பிறகே இந்தச் சூடு ஏறும். இளகுமுன் காட்டியிருந்தால், மறுபடியும் உறங்கியிருப்பான்.

டிக்கன்ஸ் இதனை எங்கே கற்றார்? அவ்வாண்டு செப்டம்பரில் இலண்டனில் பீல்டு லேன் என்னும் இடத்திலிருந்த ஏழைப் பிள்ளைகளின் பள்ளியைச் சென்று கண்டார். தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் சிறார் படும் பாட்டை விளக்கும் அரசாங்க அறிக்கையைப் படித்தார். கொதித்து, ஒரு துண்டு வெளியீடு எழுதத் திட்டமிட்டு, அதனைக் கைவிட்டு, கதை எழுதினார். கதையின் நடுவே ஓர் ஆவியின் அங்கிக்குள்ளிருந்து எலும்பும் தோலுமாக இரண்டு குழந்தைகள் வெளிப்படுகின்றனர். ஒன்றன் பெயர் அறியாமை. மற்றொன்றன் பெயர் வறுமை. கதையில் உண்மையான பேய்கள் அவ்விரண்டுமே. அவற்றுக்கு மட்டும் விடிந்ததும் மறையத் தெரியவில்லை!

நாம் ஆசிரியத் தொழில் புரிபவர். இக்கதையை வகுப்பில் சொல்லி முடித்தபோது சிறுமி ஒருத்தி எழுந்து, "சம்பளத்தை முதலிலேயே கூட்டிக் கொடுத்திருந்தால் பேய் வந்திருக்காதா, ஐயா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. கிராச்சிட்டின் கூலி வாரத்துக்குப் பதினைந்து ஷில்லிங். அந்தப் புத்தகத்தின் விலையோ ஐந்து ஷில்லிங். தன்னைப் பற்றிய கதையைப் படிக்க அந்தக் குமாஸ்தா இரண்டு நாள் கூலியைக் கொடுத்திருக்கவேண்டும்! சிறுமியின் கேள்வியில் பொருளாதாரம் இருக்கத்தான் செய்தது.

டிக்கன்ஸ் நடத்திய இதழின் 1852ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் மலரில் எலிசபெத் காஸ்கெல் அம்மையார் ஒரு கதை எழுதினார். 'கிழத் தாதியின் கதை' என்று பெயர். பிரபு ஒருவர். அவருக்கு இரு மகளிர். மூத்தவள் இசைக் கலைஞன் ஒருவனை மறைவாக மணந்து குழந்தையும் பெறுகிறாள். அவன்மீதே மையல் கொண்டிருந்த இளையவள், பொறாமையால் தந்தையிடம் காட்டிக்கொடுக்கிறாள். குலப்பெருமை பேசும் பிரபு, குழந்தையை ஊன்றுகோலால் அடித்துத் தாயையும் சேயையும் கொட்டும் பனியில் துரத்துகிறார். குழந்தை மாள்கிறது. பின்னர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அக் குழந்தையின் ஆவி சன்னலைத் தட்டி உள்ளே வர அழைப்புக் கேட்கிறது. காட்டிக்கொடுத்த தங்கையோ இப்போது தள்ளாத கிழவி. பழைய காட்சி மறுபடியும் அவள் கண்முன் நிகழ, குழந்தையை விட்டுவிடும்படி தந்தையின் ஆவியிடம் கதறுகிறாள். கேட்குமா? கேட்கவேண்டிய நாளில் அவள் வாய் திறக்கவில்லையே! நம்மைப் பொறுத்தவரை, கிறிஸ்துமஸ் பேய்க் கதைகளில் இதற்கு ஈடு குறைவு. சன்னலில் தட்டும் குழந்தையைக் கண்டு நாம் நடுங்குவதில்லை. நடுங்கவைப்பது, மாளிகைக்குள் மௌனமாக நின்ற அந்தத் தங்கை.

மௌனத்தைப் போலவே இயலாமையும் கொடியது. 1861 ஆகஸ்டில் பிரைட்டன் இருப்புப்பாதையில், கிளேட்டன் சுரங்கவழியில் இரு இரயில்கள் மோதி 23 பேர் மாண்டனர். அன்று அங்கே பணியிலிருந்த கைகாட்டிக்காரர் தொடர்ந்து இருபத்துநான்கு மணி நேரப் பணியில் இருந்தவர். ஒரு முழுநாள் ஓய்வு பெறுவதற்கு அதுவே விலை. ஐந்தாண்டுகள் கழித்து, 1866ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் மலரில் டிக்கன்ஸ் 'கைகாட்டிக்காரர்' என்னும் கதையை எழுதினார். ஆழப் பள்ளம்; ஈரம் கசியும் சுவர்; சுரங்கத்தின் வாயில் ஒரு செவ்விளக்கு; அங்கே தன்னந்தனியனாக ஒரு தொழிலாளி. சுரங்க வாயிலில் ஓர் உருவம் தோன்றிக் கையசைத்து எச்சரிக்கிறது. இருமுறை தோன்றியது, இருமுறையும் சாவு தொடர்ந்தது. மூன்றாம் முறையாக இப்போது தோன்றியிருக்கிறது.

அவன் பேய்க்கு அஞ்சினானா? அவனுடைய வேதனை வேறு. ஆபத்து வருகிறது என்று தெரிகிறது. எங்கே, எப்படி என்று தெரியவில்லை. காரணம் காட்டாமல் 'ஆபத்து' என்று தந்தி அடித்தால், மேலதிகாரிகள் பைத்தியக்காரன் என்பர், வேலை போகும். காரணமோ அவன் கையில் இல்லை. நெஞ்சு முழுக்கப் பொறுப்பு. கையிலே அதிகாரம் எள்ளளவும் கிடையாது! இந்த நிலையைப் பேய் இல்லாமலே அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்! பழுது கண்டும் வாய்திறக்க முடியாத எந்திரத் தொழிலாளி, பாலம் விரிசல் விட்டது கண்டும் மேலிடத்து ஓலைக்குக் காத்துநிற்கும் கடைநிலை ஊழியன் — இவர்கள் அனைவரும் அந்தச் செவ்விளக்கின் கீழ் நிற்பவர்களே. 1976இல் பி.பி.சி. இக்கதையைப் படமாக்கியது. கைகாட்டிக்காரர் கடைசியில் இரயிலில் அடிபட்டுச் சாகிறார். பேய் அவரைத் தொடக்கூட இல்லை.

இனி முதல் ஐயம். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரித் தலைவராக விளங்கிய எம். ஆர். ஜேம்ஸ் பெரும் புலவர்; பழஞ்சுவடி ஆய்வில் வல்லவர். கிறிஸ்துமஸ் வேளையில் நண்பர்களைக் கூட்டி, ஒற்றை மெழுகுவத்தி ஒளியில் தாம் எழுதிய பேய்க் கதையைப் படிப்பார். அவற்றுள் ஒன்று, பேயே இல்லை என்று அடித்துப் பேசும் பார்க்கின்ஸ் என்னும் பேராசிரியரைப் பற்றியது. இடிபாட்டில் கிடந்த பழைய ஊதுகுழலை எடுக்கிறார். என்னவென்று பார்ப்போமே என ஊதுகிறார். இரவில் படுக்கை விரிப்பே உருவெடுத்து எழுந்து அவரைத் துரத்துகிறது. பகுத்தறிவாளருக்குத் தண்டனை! கதையின் இந்தச் சாய்வை நாம் ஏற்கவில்லை. தோண்டாதே, தேடாதே, கேட்காதே என்று சொல்லும் கதை, எழுதியவர் எத்துணைப் புலவராயினும், தேடித் தேடியே புலவரானவர் எழுதத் தகாதது. எனினும் மறைப்பானேன், விரிப்பு எழுந்து நின்ற பக்கத்தில் நமக்கும் முதுகு சிலிர்த்தது.

சிலிர்த்ததால் நாம் பேயை நம்பிவிட்டோமா? இல்லை. கதை என்று சொல்லித்தான் ஜேம்ஸ் படித்தார். கதை என்று அறிந்துதான் நண்பர்கள் கேட்டனர். மெழுகுவத்தி அணைந்தது, வீடு சென்றனர். அந்த அச்சத்துக்கு வாயில் உண்டு, விரும்பும்போது வெளியேறலாம். டிக்கன்ஸின் நூற்றாண்டிலேயே ஜான் பர்னிஸ் என்னும் பாதிரியார், நரகத்தின் நெருப்பையும் வதையையும் வருணித்துக் குழந்தைகளுக்கென்றே நூல் எழுதினார். அதில் கற்பனை இல்லையா? கணப்பருகே கேட்டதைவிடக் கொடிய கற்பனை! ஆனால் மெய் என்று முத்திரையிட்டுத் தரப்பட்டது. அதைப் படித்த குழந்தைக்கு வெளியேற வாயில் எங்கே? ஜேம்ஸின் பேய் விருந்தாளி. வந்து, இருந்து, போய்விடும். பர்னிஸின் நரகம் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு குடியேறுகிறது. ஆகவே, பேய்க் கதையைப் படிப்பதில் நமக்கு நாணம் இல்லை.

திரைப்படம் பற்றி ஒரு சொல். 1984 நவம்பரில், கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கியணிந்து கோடரியால் கொலை புரிபவனைக் காட்டும் 'அமைதி இரவு, கொடிய இரவு' என்னும் படம் அமெரிக்காவில் திரையிடப்பட்டது. விளம்பரத்தைக் கண்ட பெற்றோர் கொதித்தெழுந்தனர். கொட்டகை முன் கூடி எதிர்த்தனர். சில வாரங்களிலேயே படம் விலக்கப்பட்டது. பிள்ளைகள் தாத்தாவைக் கண்டு அஞ்சுவரே என்பது அவர்கள் கவலை. புகைபோக்கி வழியே கிழவர் ஒருவர் வருவார் என்று பிள்ளைகளுக்கு மெய்யாகவே சொல்லி வைத்தவர்கள் அவர்கள். இது வெறும் படம் என்று சொல்லி விற்றவர்கள் மற்றவர்கள்!

படம் நல்ல படமன்று. குருதியை வாரி இறைப்பதில் அதற்குள்ள ஆவல், கதை சொல்வதில் இல்லை. ஆனால் தொடக்கத்தில் ஒரு பகுதி உண்டு. பெற்றோர் கொலையுண்டதைக் கண்ட சிறுவன் ஒருவன் அனாதை இல்லத்தில் வளர்கிறான். அங்குள்ள தலைமைக் கன்னியர், தண்டனை நல்லது, தண்டனையே ஆளை நல்லவனாக்கும் என்று நம்புகிறவர். அடிக்கிறார், கட்டிலோடு சேர்த்துக் கட்டிவைக்கிறார். அச்சுறுத்தி அறம் புகட்டப்பட்ட அந்தச் சிறுவன்தான் வளர்ந்து, தீயோரைத் தண்டிக்கிறேன் என்று கோடரி எடுக்கிறான். எடுத்தவர்களுக்கே தம் கையில் இருந்த கதை எதுவென்று விளங்கவில்லை போலும். அந்தப் பகுதியை விரைவாகத் தாண்டிவிட்டுக் கோடரியைத் தேடி ஓடுகிறார்கள். கொட்டகை வாசலில் கூடி நின்றவர்களின் கண்ணிலும் அந்தக் கோடரிதான் பட்டது.