முதலில் காயத்தைக் கட்டு!



நெடுநாளாய் என் உள்ளத்தை அழுத்துகிற ஒரு காரியத்தை மறைக்காமல் எழுதுகிறேன். பல வருஷங்களுக்கு முன், வடசென்னையில் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஒரு தம்பி வந்தான். கையெல்லாம் ஊசித் தழும்பு. "பாஸ்டர், விட முடியலை, ஜெபம் பண்ணுங்க" என்றான். நானோ, "முதல்ல ஊசியைத் தூக்கிப் போட்டுட்டு வா, அப்புறம் ஜெபிக்கலாம்" என்றேன். அவன் திரும்ப வரவேயில்லை. நாலு வருஷம் கழித்து அவன் மனைவி வந்தாள். "அவருக்கு எச்.ஐ.வி. பாஸ்டர், எனக்கும் வந்துடுச்சு" என்றாள். அன்று ராத்திரி ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை.

லூக்கா 10-ஆம் அதிகாரத்துச் சமாரியனைப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனிடம், "ஏன் இந்த வழியிலே தனியா வந்தே?" என்று கேட்டானா? இல்லை! முதலில் காயத்தைக் கட்டினான். சத்திரச் செலவையும் தானே கொடுத்தான். விலகிப் போனது யார்? ஆசாரியன். அந்த ஆசாரியன் நான்தான்.

தேவபிள்ளைகளே, போதை ஊசியை ஒருவர் மாற்றி ஒருவர் குத்தும்போது, ஊசியில் தங்கின ரத்தத்தோடு கிருமியும் போகிறது. இப்படித்தான் 1990-களில் மணிப்பூரில் எத்தனையோ வீடுகளில் அழுகுரல் கேட்டது. இன்று அரசு உதவி பெறும் மையங்களில் சுத்தமான ஊசி தருகிறார்கள். நாக்கின் கீழ் வைக்கிற ப்யூப்ரநார்பின் மாத்திரையும் உண்டு. ஊசிக்காகத் தவிக்கிற தவிப்பு அதனால் அடங்குகிறது.

"ஊசி கொடுத்தா பாவத்துக்குத் துணை போறதில்லையா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டவன்தான். ஆனால் செத்தவன் எப்படி மனந்திரும்புவான்? கெட்ட குமாரன் தகப்பன் வீட்டுக்குத் திரும்ப, முதலில் உயிரோடு இருக்க வேண்டுமே!

தாய்மார்களே, பிள்ளை ஊசி போடுகிறான் என்று தெரிந்தால் மூடி மறைக்காதீர்கள், வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். 1097-க்கு இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். அவன் மனைவியும் பரிசோதிக்க வேண்டும். ஏ.ஆர்.டி. மாத்திரை 2004 முதல் அரசு இலவசமாய்த் தருகிறது.

அந்தத் தம்பியை இழந்தோம். அவன் மனைவியோ மாத்திரை சாப்பிட்டு, சுகத்தோடு நம்மோடு ஆராதிக்கிறாள்; அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்!

இனி கையில் தழும்போடு ஒருவன் நம் சபை வாசலில் நின்றால், கேள்வி கேட்காதீர்கள். பாய் விரித்து உட்கார வையுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்