சுள்ளி யாருடையது?

பழவேற்காட்டு ஏரிக்கரைச் சிற்றூர்களில் விறகு சேர்க்கும் காலம் கோடைக்காலம். சித்திரை, வைகாசி வெயிலில் ஏரி நீர் சுருங்கும். முகத்துவாரத்தில் மணல் மேடிடும். வலையில் விழுவதும் குறையும். அந்நாள்களில் பெண்கள் கயிறும் அரிவாளுமாகப் புறப்படுகிறார்கள். இந்த வெயிலில் ஏன் இந்த உழைப்பு என்று கேட்பவர் விறகடுப்பு மூட்டி அறியாதவர். காய்ந்த கட்டையே தலைச்சுமைக்கு இலேசானது, புகையும் குறைந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உலை கொதிக்க வேண்டுமானால் இப்போதே சேர்த்தாக வேண்டும். எரிவாயு வந்துவிட்டதே என்பர் சிலர். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு இணைப்பைக் கொடுத்தது உண்மைதான். ஆனால் காலியான உருளையை மாற்றக் கையில் பணம் வேண்டும். ஆகவே தேநீருக்கு எரிவாயு, சோற்றுக்கு விறகு என்று இரண்டடுப்பு வாழ்க்கை பல வீடுகளில் தொடர்கிறது.

அவர்கள் போகும் இடங்கள் பிறருடையவை. சவுக்குத் தோப்புக்கு உரிமையாளர் உண்டு. காட்டுக்கு வனத்துறை உண்டு. ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். ஆதலால், "சாமி, காய்ந்த சுள்ளி பொறுக்குவது திருட்டா?" என்னும் கேள்வி எழுகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அல்ல, கோயில் திண்ணையில் கேட்கப்படும் கேள்வி இது. ஆதலால் வெளிப்படையாக எழுதலாம்.

குருமடத்தில் பயின்ற எவருக்கும் உடனே நினைவுக்கு வருபவர் புனித தோமா அக்குவினாஸ். வெளிப்படையான, அவசரமான தேவையில் ஒருவன் பிறர் பொருளை எடுத்துத் தன் உயிரைக் காத்துக்கொள்வது திருட்டாகாது என்பது அவர் தீர்ப்பு. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல், 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 69ஆம் எண்ணில், இதே கருத்தை ஏற்றது. சாரிபாத்துக் கைம்பெண் இரண்டு சுள்ளிகளைப் பொறுக்கியபோது அவளிடம் எஞ்சியிருந்தது ஒரு வேளை உணவு மட்டுமே. அவளை யார் திருடி என்பார்?

ஆனால் நம் ஊர்ப் பெண்ணின் நிலை வேறு. அவள் வைகாசியில் சேர்ப்பது கார்த்திகைக்கு. இன்று அவள் வீட்டில் அரிசி இருக்கலாம், நேற்றைய விறகும் இருக்கலாம். அவசரம் என்ற வாதம் அவளுக்கு முழுமையாகப் பொருந்தாது. பட்டினியின் விளிம்புக்கு வந்த பிறகே ஏழைக்கு உரிமை பிறக்கும் என்றால், முன்யோசனையுள்ள ஏழையைத் தண்டித்தவர்கள் ஆவோம். எனவே, தோமாவின் விடை சரியானதே என்றாலும், இக்கேள்விக்கு அது போதாது.

லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் வேறு வழியைக் காட்டுகிறது. வயலின் ஓரத்தை அறுக்காமலும் சிந்திய கதிரைப் பொறுக்காமலும் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. பொறுக்க வருபவர் எவ்வளவு பசியோடு வருகிறார் என்று யாரும் அளப்பதில்லை. சிந்தியது ஏழையின் பங்கு. கருணைப் பிச்சை அன்று. காய்ந்து விழுந்த சுள்ளியையும் இக்கணக்கில் வைப்பதே நியாயம் என்பது என் துணிபு.

ரைன் மாநிலச் சட்டமன்றத்தில் விழுந்த விறகைப் பொறுக்குவதையும் திருட்டாக்க 1841-இல் விவாதம் நடந்தது; 1842-இல் இளம் பத்திரிகையாளரான காரல் மார்க்ஸ் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். மரத்திலிருந்து பிரிந்த சுள்ளி மரத்துக்குரியவனின் உடைமையிலிருந்தும் பிரிந்துவிட்டது என்றும், அதைப் பொறுக்குவது ஏழைகளின் வழக்குரிமை என்றும் அவர் வாதிட்டார். அவரோடு பல காரியங்களில் நமக்கு இசைவில்லை. இதில் அவர் லேவியர் நூலுக்கு மிக அருகில் நிற்கிறார். அவருக்கு அது பிடித்திருக்காது!

ஏரிக்குக் கிழக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் அத்தீவின் காட்டு விறகு பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளில் சென்னைக்குப் போயிற்று. பட்டணத்து அடுப்புகளில் அது எரிந்தது. அரசுக்கு வருமானம் ஆயிற்று. அக்காட்டை நம்பி வாழ்ந்தவர்கள் யானாதிகள். 1969-இல் ராக்கெட் தளத்திற்கென அத்தீவு தேர்ந்தெடுக்கப்பட்ட பின் அவர்களது காட்டு வாழ்க்கை மாறிப்போயிற்று. படகு படகாகப் போனது வாணிகம். தலைச்சுமையாகப் போவது மட்டும் குற்றமோ?

இத்துடன் காவலரின் பக்கத்தையும் கேட்க வேண்டும். கழிமுகத்துக் கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே இறாலும் மீனும் குஞ்சாக வளர்கின்றன. பச்சைக் கண்டலை வெட்டுபவள் தன் கணவனின் வலையையே வெட்டுகிறாள். 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கியபோது, கரையோர மரங்கள் அடர்ந்திருந்த சில இடங்களில் அலையின் வேகம் தணிந்ததைத் தமிழகம் கண்டது. உலர்ந்து விழுந்ததும் முற்றிலும் வீணன்று. மட்கி மண்ணுக்கே திரும்புகிறது.

இதற்கும் மறைநூலில் ஓர் எல்லை உண்டு. பிறர் விளைச்சலுக்குள் போகிறவர் கையால் கதிர் கொய்யலாம், அரிவாளை மட்டும் ஓங்கக் கூடாது என்கிறது இணைச்சட்டம் 23ஆம் அதிகாரம். கைக்கும் அரிவாளுக்கும் இடையிலான அவ்வேறுபாட்டை எங்கள் மூதாட்டிகள் படிக்காமலே அறிவார்கள். ஒடித்தால் 'சடக்' என்று முறிவது எடுக்கத்தக்கது, வளைவது விடத்தக்கது. சீமைக் கருவேலத்துக்கு மட்டும் இவ்விதி வேண்டாம் என்பேன். 1870களில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட அம்மரம் இன்று கேட்பாரற்றுப் பரவி நிலத்தை அடைத்துக்கொள்கிறது. அதை வேரோடு வெட்டிக் கொண்டுபோகும் பெண்ணுக்கு ஊராட்சி கூலியே கொடுக்கலாம். முள் குத்திய கைகளோடு உச்சி வெயிலில் அவள் சுமந்து வருவதை வழிமறித்து, அரிவாளைப் பறித்துக்கொண்டு அனுப்புவதற்கு முன், அந்தக் கட்டில் இருப்பது எந்த மரம், பச்சையா காய்ந்ததா என்றாவது காவலர் அவிழ்த்துப் பார்க்கட்டும்.